தவறுதலாக புக் செய்த விமான டிக்கெட்: பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

இரவு 12:25-க்குக் கிளம்பும் விமானம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் புறப்படலாம் என்று நினைத்து, தேதியில் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட்டேன். உறுதிச் செய்தி வந்து இருபது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வெள்ளி 12:25 என்றால் அது வியாழன் நள்ளிரவு. நான் பெட்டியோடு போய் நிற்கும் நேரத்தில் அந்த விமானம் கிளம்பி ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

பதற்றத்தில் கை நேராக 'கேன்சல்' பொத்தானுக்குப் போனது. அமுக்கினேன். அடுத்த திரையில் இரண்டு வழி இருந்தது. பெரிதாக, பளிச்சென்று இருந்ததை அமுக்கினேன். அது ரீஃபண்ட் இல்லை, அதே நிறுவனத்தில் ஒரு வருடத்துக்குள் செலவழித்தாக வேண்டிய கிரெடிட். ஒழுங்காகக் கேட்டிருந்தால் முழுப் பணமும் கார்டுக்கே திரும்பியிருக்க வேண்டிய நேரம் அது. அதை மாற்றி வாங்க நான்கு மின்னஞ்சல், மூன்று போன், ஐந்து வாரம் ஆனது.

அந்தக் கோபத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டி. கீழே இருக்கும் வரிசையின் நோக்கம் ஒன்றுதான்: கேன்சல் பொத்தானைக் கடைசியில் அமுக்க வைப்பது.

படி 1: எதையும் தொடாமல், எல்லாவற்றையும் படம் எடுங்கள்

முதல் ஐந்து நிமிடம் இதற்குத்தான். புக்கிங் உறுதித் திரை, மின்னஞ்சல், பணம் போன குறுஞ்செய்தி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். புக் செய்த நேரம் நிமிடக் கணக்கில் தெரிய வேண்டும். பின்னால் "24 மணி நேரம் தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிஎன்ஆர், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இன்னொன்று டிக்கெட் எண். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 13 இலக்கம் இருக்கும். முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் டிக்கெட்டை வெளியிட்டது என்று சொல்லும். பிஎன்ஆர் என்பது இடம் பிடித்ததற்கான அடையாளம், டிக்கெட் எண் பணம் வாங்கியதற்கான அடையாளம். ரீஃபண்ட் பிரிவில் இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். சில குறைந்த கட்டண நிறுவனங்கள் மட்டும் 13 இலக்க எண் தராமல் பிஎன்ஆரை வைத்தே எல்லாவற்றையும் நடத்தும்.

பணம் போய்விட்டது, ஆனால் பிஎன்ஆரும் வரவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை என்றால் உங்களிடம் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும். நிறுவனம் எடுத்துக்கொள்ளாவிட்டால் சில நாட்களில் தானாக விடுபடும். இந்த நிலையில் பொறுமை இல்லாமல் மறுபடி மறுபடி முயன்றுதான் பலர் ஒரே பயணத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள்.

படி 2: பணம் யாரிடம் இருக்கிறது?

கார்டு அறிக்கையில் பணம் பெற்றவர் பெயராக எது இருக்கிறது என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் என்றால் நேரே அவர்களிடம் போகலாம். புக்கிங் தளத்தின் பெயரோ ஏஜென்சியின் பெயரோ இருந்தால் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். இதைப் பார்க்காமல் விமான நிறுவனத்துக்கு போன் போட்டால், அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏஜென்டைக் கேட்டால் "ஏர்லைன்ஸிலிருந்து வரவில்லை" என்பார். இந்தப் பந்தாட்டத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் அவகாசத்திலிருந்துதான் கழிகிறது.

ஏஜென்ட் மூலம் வாங்கியதில் ஒரு நல்லதும் உண்டு. டிக்கெட் வெளியிட்ட அன்றே, கணக்கு முடிக்கும் முன், அதை வாங்காததுபோலவே ரத்து செய்ய ஏஜென்ட்டால் முடியும். அவர்கள் பேச்சில் அதற்கு 'வாய்ட்' என்று பெயர். கேன்சல் வேறு, வாய்ட் வேறு. வாய்ட் ஆன டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் அபராதம் பிடிக்காது. ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால் போனில் பேசும்போது "கேன்சல் செய்யுங்கள்" என்று தொடங்காதீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சார், ஒரு மணி நேரம் முன்னாடி புக் செய்த டிக்கெட். தேதி தப்பாகிவிட்டது. இன்னும் வாய்ட் செய்ய முடியுமா?"

"இருங்க, பார்க்கிறேன்... முடியும். ஆனால் எங்கள் சர்வீஸ் சார்ஜ் திரும்ப வராது."

"பரவாயில்லை சார். வாய்ட் ஆனதும் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்."

அந்த மெயிலை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

படி 3: இது எந்த வகைத் தப்பு?

எல்லாத் தப்புக்கும் மருந்து கேன்சல் இல்லை. பல நேரங்களில் அதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் வழி.

பெயரில் எழுத்துப் பிழை என்றால் கேன்சல் பக்கமே போகாதீர்கள். ஓரிரு எழுத்து மாறியது, முதல் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியது, கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயரைப் போட்டது போன்றவற்றைத் திருத்தித் தர பெரும்பாலான நிறுவனங்களில் வழி இருக்கிறது. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு கட்டணம். பேசும்போது 'நேம் கரெக்‌ஷன்' என்று கேளுங்கள். 'நேம் சேஞ்ச்' என்று சொன்னால் டிக்கெட்டை வேறு ஆளுக்கு மாற்றுவதாக எடுத்துக்கொள்வார்கள். அதைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதே இல்லை. ஒரே வார்த்தைதான் வித்தியாசம், பதில் தலைகீழாக மாறிவிடும். பாஸ்போர்ட் பக்கத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தேதித் தப்புகள்தான் அதிகம். என்னைப்போல நள்ளிரவில் கோட்டை விடுபவர்கள் ஒரு பக்கம். நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்பதில் விழுபவர்கள் இன்னொரு பக்கம்: 05/06 என்பது ஒரு தளத்தில் ஜூன் 5, இன்னொரு தளத்தில் மே 6. பயணமே வேண்டாம் என்றால் ஒழிய, இங்கே கேன்சல் கட்டணத்தையும் தேதி மாற்றும் கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இலவச அவகாசம் முடிந்த பிறகு பெரும்பாலும் தேதி மாற்றம்தான் குறைவாக வரும். இரண்டு நாள் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாற்றக் கட்டணம் பூஜ்யம் என்று விளம்பரம் செய்கிறவர்கள்கூட அந்த வித்தியாசத்தை வாங்கத்தான் செய்வார்கள்.

ஊர் மாறிப்போவதும் நடக்கிறது, சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது, அங்கேயும் விமான நிலையம் உண்டு. பெரிய சிட்னிக்கு என்று டிக்கெட் எடுத்து அங்கே போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டா ரிக்காவில் ஒரு சான் ஹோசே. ஸ்பெயினில் கிரனாடா, கரீபியனில் கிரெனடா. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அலபாமாவில் ஒரு பர்மிங்காம். இந்த வகைத் தப்பைத் தேதி மாற்றத்தால் சரிசெய்ய முடியாது, இதற்கு கேன்சல்தான். போனில் வாங்கிய டிக்கெட் என்றால் ஒன்று கேளுங்கள். நீங்கள் ஊரைச் சரியாகச் சொல்லி அந்தப் பக்கம் இருந்தவர் தப்பாகப் பதிவு செய்திருக்கலாம். அழைப்பின் பதிவு அவர்களிடம் இருக்கும், அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் அது உங்கள் தப்பே கிடையாது, அபராதம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே டிக்கெட்டை இரண்டு முறை வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலம் அதிகம். ஒரே ஆள் ஒரே விமானத்தில் இரண்டு இருக்கையில் உட்கார முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் சும்மா விட்டுவிடாதீர்கள். இப்படி இரட்டையாக இருப்பதைக் கண்டுபிடித்து நிறுவனமே ஒன்றை ரத்து செய்யும் வழக்கம் உண்டு. அது எதை எடுக்கும் என்பது உங்கள் கையில் இருக்காது. இருக்கை, பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்திருந்த டிக்கெட்டே போய்விடலாம். "இந்த எண் இருக்கட்டும், அந்த எண்ணை இரட்டை புக்கிங் என்று ரீஃபண்ட் செய்யுங்கள்" என்று நீங்களே எழுதிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

படி 4: எந்தக் கடிகாரம் ஓடுகிறது?

"24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் முழுப் பணமும் வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். உலகம் முழுக்கப் பொருந்தும் விதி அது இல்லை.

அது சட்டமாகவே இருப்பது அமெரிக்காவில். அந்நாட்டுக்கு உள்ளேயும், அங்கிருந்தும், அங்கேயும் பறக்கும் விமானங்களுக்கு, புறப்பாட்டுக்கு 7 நாளுக்கு முன்பே வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவிட வேண்டும். அல்லது பணம் கட்டாமலே அதே விலையில் 24 மணி நேரம் பிடித்து வைக்கவிட வேண்டும். இரண்டில் எதைத் தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம். இது விமான நிறுவனத்திடம் நேரே வாங்கியதற்கு. இடைத் தளங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. அவற்றில் பல தாமாகவே இதேபோல் தருகின்றன, சில அதைத் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளில் இந்த இலவச அவகாசத்துக்கு 'லுக்-இன்' என்று பெயர். புறப்பாடு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டுக்கு இது கிடையாது. 24 மணி நேரமாக இருந்த அந்த அவகாசத்தை 48 ஆக்கும் வரைவு 2025 நவம்பரில் வெளிவந்தது. ஆகவே பழைய கட்டுரைகளை நம்பாமல், வாங்கிய நாளில் நடைமுறையில் இருப்பதைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை அங்கே இருக்கிறது. அந்த நம்பிக்கையில் விமான டிக்கெட்டையும் திருப்பலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பயணிகள் போக்குவரத்துக்கு அந்த உரிமை பொருந்தாது. அங்கே நிறுவனம் தானாகத் தரும் அவகாசம்தான் வழி. சிலர் 24 மணி நேரம் தருகிறார்கள், சிலர் ஒன்றுமே தருவதில்லை.

இன்னொன்று: கடிகாரம் புக்கிங் முடிந்த நொடியிலிருந்து ஓடும், நீங்கள் தப்பைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை. "நாளை இதே நேரம் வரை இருக்கிறது" என்று தள்ளிப்போட்டால், கடைசி அரை மணி நேரத்தில் தளம் மக்கர் செய்யும். அப்படியே ஆனாலும் முயன்ற நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவகாசம் முடிவதற்குள் ஒரு மின்னஞ்சலும் தட்டிவிடுங்கள்.

படி 5: இப்போது கேன்சல்

பொத்தானை அமுக்கும் முன் சரியான டிக்கெட்டின் விலையைப் பார்த்துவிடுங்கள். ஏறிக்கொண்டே போகிறது, இலவச அவகாசமும் கையில் இருக்கிறது என்றால் சரியானதை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் தப்பானதை ரத்து செய்யலாம். அதே விமானம், அதே நாள் என்றால் மட்டும் வேண்டாம். மேலே சொன்ன இரட்டை புக்கிங் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேன்சல் திரையில் மெதுவாகப் போங்கள். வவுச்சர், கிரெடிட், வாலட், பாயின்ட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பணம் இல்லை. "பணம் செலுத்திய வழியிலேயே திரும்ப" என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேடுங்கள். அது சின்ன எழுத்தில், கீழே, சில நேரம் இன்னொரு பக்கத்தில் இருக்கும். சில தளங்களில் கேன்சல் ஒரு வேலை, ரீஃபண்ட் இன்னொரு வேலை. கேன்சல் ஆனதும் டிக்கெட்டின் மதிப்பு அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும். தனியாக ஒரு படிவம் நிரப்பினால்தான் பணம் நகரும். கடைசித் திரையில் எவ்வளவு வரும் என்று தொகை காட்டினால் படம் எடுத்துவிட்டு அப்புறம் உறுதி செய்யுங்கள். எந்தத் தொகையும் காட்டவில்லையா? அங்கேயே நிறுத்திவிட்டு போனில் கேளுங்கள்.

பல ஊர் வழியாகப் போகும் டிக்கெட்டில் ஒரு பகுதி மட்டும் தப்பு என்றால், "அதில் மட்டும் ஏறாமல் விட்டுவிடலாம்" என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாமே ரத்தாகிவிடும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி.

அவகாசம் தாண்டிவிட்டால்

'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தாலும் டிக்கெட் தொகை முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் கட்டியதில் ஒரு பகுதி அடிப்படைக் கட்டணம், ஒரு பகுதி அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும். நீங்கள் பறக்காவிட்டால் இரண்டாவது பகுதியில் பலவும் செலவாகவே செலவாகாது. பல நிறுவனங்கள் கேட்டால் அதைத் திருப்பித் தருகின்றன. இந்திய விதிகளின்படி சலுகைக் கட்டண டிக்கெட்டிலும்கூட அந்த வரிகளைத் தந்தாக வேண்டும், ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. கேட்காவிட்டால் யாரும் தானாக வந்து தரமாட்டார்கள். டிக்கெட்டில் வரி வரியாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்துத் தொகையைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்த உத்தி, சும்மா இருப்பது. பயணத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது, கேன்சல் செய்தால் ஒன்றும் தேறாது என்றால் உடனே செய்யாதீர்கள். நிறுவனங்கள் அட்டவணையை அடிக்கடி மாற்றும். விமானத்தை அவர்களே ரத்து செய்தாலோ நேரத்தைப் பெரிதாக மாற்றினாலோ, நீங்கள் முதலில் செய்த தப்பை யாரும் கேட்கப்போவதில்லை. முழுப் பணத்தையும் கேட்கலாம். அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி உள்நாட்டு விமானத்தில் 3 மணி நேரமோ பன்னாட்டு விமானத்தில் 6 மணி நேரமோ மாறினால் அது பெரிய மாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் இழுத்தால் அது ரத்துக்குச் சமம் என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. மாற்றச் செய்தி வரும்போது 'ஏற்கிறேன்' பொத்தானை மட்டும் அமுக்கிவிடாதீர்கள். அதை அமுக்கினால் உங்கள் துருப்புச்சீட்டை நீங்களே கொடுத்த மாதிரி.

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. மாற்றம் எதுவும் வராவிட்டால் புறப்பாட்டுக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். போகாமல் விட்டால் 'நோ-ஷோ' என்று பதிவாகும். வரக்கூடிய கொஞ்சமும் அதில் போய்விடலாம். நாள்காட்டியில் இரண்டு நாள் முன்பாகவே நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீடு? சாதாரணக் காப்பீடு நாம் தப்பாக புக் செய்ததற்குப் பணம் தராது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பணம் வரும் வரை

எழுதும் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். பிஎன்ஆர், டிக்கெட் எண், புக் செய்த நேரம், ரத்து செய்த நேரம், வர வேண்டிய தொகை, எந்தக் கார்டுக்கு என்று கடைசி நான்கு இலக்கம். என் முதல் மெயிலில் நான் ஒரு பக்கத்துக்குப் புலம்பியிருந்தேன். பதிலாக வந்தது ஒரு பொதுவான வருத்தம். நான்காவது மெயிலில் ஆறு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட். அதற்குத்தான் பணம் வந்தது.

அமெரிக்க விதிப்படி வர வேண்டிய ரீஃபண்ட், கார்டு என்றால் 7 வேலை நாளிலும், மற்ற வழி என்றால் 20 நாளிலும் அனுப்பப்பட வேண்டும். ஏஜென்ட் நடுவில் இருந்தால் எங்கேயும் கூடுதலாக இழுக்கும். "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள், வங்கியோ "வரவில்லை" என்கிறது என்றால் நிறுவனத்திடம் 'ஏஆர்என்' கேளுங்கள். கார்டு ரீஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் 23 இலக்க எண் அது. அதை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்ல முடியும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டியிருந்தால் திரும்ப வரும் நாளின் மாற்று விகிதத்தில்தான் வரும், கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும்; அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை.

வங்கியில் 'சார்ஜ்பேக்' போடலாமா, அதாவது கார்டில் எடுத்த பணத்தை மறுத்து வங்கி வழியாகவே திரும்பக் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் கைத்தப்புக்கு அது வழி இல்லை. நிறுவனம் விதிகளைக் காட்டினால் தள்ளுபடியாகிவிடும். தருகிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு தராமல் இழுத்தாலோ, ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம் எடுத்திருந்தாலோ தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் சம்பந்தப்பட்ட நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பில் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை நிறுவனத்துக்கான அடுத்த மெயிலின் தலைப்பிலேயே போட்டுப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் மெயில் வேறு மேசைக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

இந்த அலைச்சலின் நடுவே தேடுபொறியில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடாதீர்கள். ரீஃபண்டுக்கு அலைபவர்களைக் குறிவைத்துப் போலி எண்களைப் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. எண்ணை டிக்கெட்டிலிருந்தோ நிறுவனத்தின் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் தருவதற்கு ஓடிபியோ ரகசிய எண்ணோ தேவையே இல்லை. செயலி ஒன்றை இறக்கித் திரையைக் காட்டச் சொன்னால் பேசாமல் போனை வைத்துவிடுங்கள்.

பணம் வந்ததும் தொகையை முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். இருக்கைக்கும் கூடுதல் பெட்டிக்கும் தனியாகக் கட்டியிருந்தால் அவை தனித்தனி ரீஃபண்டாக, வேறு வேறு நாளில் வரும். சில நேரம் கேட்டால்தான் வரும். எனக்கு டிக்கெட் பணம் வந்த பிறகு இருக்கைப் பணத்துக்கு மட்டும் இன்னொரு மெயில் போட வேண்டியிருந்தது. அதற்கு மூன்று நாளில் பதில் வந்தது, பணத்தோடு.